கேதம் சொல்லப் போனவன்

உத்தரகோசமங்கை
2.12.2024

அண்ணனுக்கு நாகஜோதி எழுதுவது.

இங்கே நானும் என் மகன் நாகேந்திரனும் சுகம். அண்ணிக்கு மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். போனில் பேசியிருக்கலாம். போன மூன்று தடவையும் இரண்டாவது நிமிடமே சண்டையாகி, யாராவது ஒருவர் கட் பண்ணிவிட்டோம். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது. கிழித்துத்தான் போட வேண்டும், அதற்குக் கொஞ்சமாவது படித்திருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். தம்பி தர்மராஜுக்கு வருகிற தை பன்னிரண்டு, ஜனவரி 25 சனிக்கிழமை, தலைத்திவசம். மாமனுக்கு மருமகன் கொள்ளி வைத்தால் தப்பில்லை என்று போன தையில் நாகேந்திரனை வைக்கச் சொன்னார்கள், வைத்தான். இப்போது திதி பார்த்துச் சொன்ன ஐயர், "கூடப்பொறந்த மூத்தவர் இருக்கையில அவர்தான் செய்யணும்" என்கிறார். ஐயர் சொல்லாவிட்டாலும் நான் கேட்டிருப்பேன். நீங்கள் வந்து செய்ய வேண்டும்.

நாம் மூன்று பேர். அவனுக்கு மனைவி, மக்கள் கிடையாது. அவன் பிறந்தபோது ராமநாதபுரத்து டாக்டர், பிள்ளைக்கு மூளை வளர்ச்சி குறைவு, இருதயமும் பலமில்லை, இருபது வயதைத் தாண்டுவது கஷ்டம் என்று அம்மாவிடம் சொன்னார். அவன் நாற்பத்து மூன்று வரை இருந்தான். அந்த டாக்டர் செத்த சேதியையே இவன்தான் நாலு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தான்.

வருவதாக ஒரு வரி எழுதுங்கள்.

நாகஜோதி


ராமேஸ்வரம்
9.12.2024

நாகஜோதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

திவசத்துக்கு ஆள் வேண்டும் என்றதும் அண்ணன் ஞாபகம் வந்திருக்கிறது. உனக்கு ஊர் வழக்கத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், சொந்தக்காரர் வீட்டுக்கு ஆள் நேரில் போய்க் கேதம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் உறவு அறுந்தது என்று அர்த்தம். பெரியப்பா செத்ததற்கு நம் வீட்டுக்குக் கேதம் சொல்லி விடவில்லை என்று அய்யா பதினெட்டு வருஷம் அந்த வாசலை மிதிக்கவில்லை. நம்மையும் மிதிக்க விடவில்லை. என் தம்பி செத்ததற்கு என் வீட்டுக்கு ஒருத்தரும் வரவில்லை. ஊருக்கெல்லாம் கேதம் சொன்னவன் அவன். அவன் கேதத்தைச் சொல்ல உங்களுக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை.

அது போகட்டும். மூன்றாம் நாள் சாம்பலைக் கரைக்க வந்தீர்கள். உங்களுக்குச் சேதுக்கரைதான் பக்கம். அதை விட்டுவிட்டு இத்தனை தூரம் ராமேஸ்வரத்துக்கு வந்து, அக்னி தீர்த்தத்தில் கரைத்துவிட்டு, என் தெரு வழியாகவே திரும்பிப் போனீர்கள். தீர்த்தக் கிணற்றில் வாளியில் நீர் இறைப்பவர் நான் வேலை பார்க்கிற லாட்ஜுக்கு வந்து, "உங்க ஊர் வண்டி ஒண்ணு தெருமுக்குல நின்னுச்சு, உங்க தங்கச்சி மாதிரி இருந்துச்சு, யாருக்கு என்ன?" என்று கேட்டார். வரவேற்பு மேஜையில் சாவிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது?

ஆறு வருஷத்துக்கு முன்னால் என் வாசலில் நின்றுகொண்டு, தெருவே கேட்க, "தம்பிய மாடு மாதிரி அடைச்சு வச்சவன்" என்று சொன்னாய். அந்தப் பேரோடு நான் ஊருக்குள் வந்து உட்கார்ந்து பிண்டம் பிடிக்க வேண்டும், அப்படித்தானே?

பொன்னுச்சாமி


உத்தரகோசமங்கை
16.12.2024

அண்ணே,

சொல்லவில்லை என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? பிப்ரவரி ஆறாம் தேதி செவ்வாய்க்கிழமை, காலை ஆறு நாற்பதுக்கு நாகேந்திரன் உங்கள் வீட்டுக்குப் போன் போட்டான். அண்ணிதான் எடுத்தார். "சின்ன மாமா தவறிட்டாரு, அத்தை. நாலு மணிக்கு எடுக்கிறோம், மாமாகிட்ட சொல்லிருங்க" என்றான். அண்ணி "அய்யோ, சரிப்பா" என்றது எனக்கே கேட்டது. நாலு மணிக்கு எடுப்பதாக இருந்ததை நாலரை ஆக்கினோம், பிறகு ஐந்தரை ஆக்கினோம். "இன்னும் யாருக்காக வச்சிருக்கீக?" என்று கேட்டார்கள். நான் பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு வந்த கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நமக்குச் சொந்தமில்லாதவர்கள், நமக்குப் பேர் தெரியாதவர்கள், கமுதிப் பக்கத்திலிருந்துகூட வந்திருந்தார்கள். "எங்க அம்மா செத்ததை இவருதான் வந்து சொன்னாரு", "எங்க மாமனார் சேதிய இவருதான் கொண்டாந்தாரு" என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அய்யாவிடம் மிளகாய் வாங்கின ஏர்வாடி அகமது கபீர் அண்ணன், காலை ஒன்பதுக்கெல்லாம் வந்துவிட்டார். "உங்க அய்யா மவுத்தான சேதி சொல்ல இவரு அன்னைக்கு வாசல்ல வந்து நின்னாரு. நோன்பு நேரம். நோன்பு துறக்கிற சமயம், எங்க உம்மா கஞ்சி குடுத்தாக. தொடலையே. கேதம் சொல்ல வந்தா தண்ணி குடிக்கக் கூடாதுன்னுட்டாரு" என்று சொல்லிச் சொல்லி அழுதார். சுடுகாட்டு வரைக்கும் வந்து, கடைசி ஆள் கிளம்பும்வரை நின்றார்.

சாம்பல் விஷயம். சேதுக்கரை பக்கம் என்று எனக்குத் தெரியாதா? நீங்கள் இருக்கிற ஊர் என்றுதான் ராமேஸ்வரம் போகலாம் என்றேன். உங்கள் தெருமுக்கில் வண்டியைப் பதினைந்து நிமிடம் நிறுத்தி வைத்தேன். நாகேந்திரன், "போயி மாமாவைக் கூட்டியாரவா?" என்றான். வேண்டாம் என்றேன். சாவுக்கு வராதவர் சாம்பலுக்கு வருவாரா என்ற கோபம். நீங்களாக வெளியே வருவீர்கள் என்றும் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது, உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

அவனை அடைத்துப் பூட்டியதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அம்மா போன பிறகு நாலு மாசம் நான் பார்க்கிறேன் என்று நீங்கள்தான் அவனைக் கூட்டிப்போனீர்கள். நான் வந்து பார்த்தபோது நண்பகல். வெளியே பூட்டு. உள்ளே அவன் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றான். என்னைப் பார்த்து, "அக்கா, சாவி அண்ணன்கிட்ட இருக்கு" என்றான். நான் சொன்னது சொன்னதுதான்.

நாகஜோதி


ராமேஸ்வரம்
26.12.2024

நாகஜோதி,

பத்து நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். எனக்கும் கிழிக்கிற அளவுக்குப் படிப்பு இருக்கிறது.

போன் வந்தது உண்மை. உன் அண்ணி முருகம்மாள் சொன்னாள். உடனே குளித்து, வெள்ளை வேட்டி சட்டை போட்டு, வாசலுக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஏழு மணிக்கு ஊரிலிருந்து ஓர் ஆள் கிளம்பினால் ஒன்பதரைக்கு இங்கே வருவான், வந்து சொன்னதும் அவனோடேயே கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். ஒன்பதரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. "அதான் போன் பண்ணிட்டாகளே, இன்னும் யாரு வந்து வெத்தலை பாக்கு வைக்கணும்? கெளம்புங்க" என்று முருகம்மாள் சத்தம் போட்டாள். "பேச்சுவார்த்தை இல்லாத வீடு. ஆள் வராம நாமளாப் போயி நின்னா, யாரு உன்னைக் கூப்பிட்டதுன்னு கேட்டா என்ன சொல்றது?" என்றேன். அவள் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. மூன்று மணி ஆனதும், இனிக் கிளம்பினாலும் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தது. அப்போது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதை எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தது.

அவன் இந்த வேலையை ஆரம்பித்தபோது எனக்கு அவமானமாக இருந்தது. உனக்குத் தெரியும். முன்பெல்லாம் கேதம் சொல்ல ஒரு தெருக்காரர்களை ஏவிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் படித்து, இனி உங்கள் சாவுக்கு நாங்கள் ஓடமாட்டோம் என்று சொன்னார்கள். நியாயமாகச் சொன்னார்கள். ஊர் முழித்துக்கொண்டிருந்தபோது இவன் துண்டைப் போட்டுக்கொண்டு, "நான் போறேன்" என்று கிளம்பினான். நம் வீட்டுப் பிள்ளை இதைச் செய்வதா என்று அய்யாவிடம் குதித்தேன். அய்யா, "அவனா ஒரு வேலை கேட்டுப் போறான், விடுறா" என்றார். பஸ் போர்டைப் படிக்கத் தெரியாது. கண்டக்டர்கள்தான் ஒருவர் மாற்றி ஒருவர் கைமாற்றி விடுவார்கள். சும்மா போனால் காணாமல் போய்விடுவான், கேதம் என்று போனால் ஒரு நாளும் வழி தவறியதில்லை.

அம்மா செத்ததை எனக்கு அவன்தான் வந்து சொன்னான். வாசல்படிக்கு வெளியே நின்று, "அம்மா செத்துப்போச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு எடுக்கிறாக. வந்துரு" என்றான். தன் அம்மாவும் அதுதான் என்று தெரிந்துதான் சொன்னானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. யாராவது அழுதால்தான் அவன் நகருவான், கவனித்திருப்பாய். நான் அழவில்லை. பஸ், பணம், மாலை என்று என் மூளை ஓடியது. அவனும் போகவில்லை. அரைமணி நேரம் அப்படியே நின்றான். முருகம்மாள்தான், "நீங்க அழுதாத்தான் அவரு உள்ள வருவாரு" என்றாள். அப்புறம்தான் எனக்கு வந்தது. "சரி" என்றான், செருப்பைக் கழற்றினான்.

பூட்டுக்கு வருகிறேன். நீ அன்றைக்குக் காரணம் கேட்கவில்லை, நானும் வீம்புக்குச் சொல்லவில்லை. அவன் வந்த இரண்டாவது மாதம் தனுஷ்கோடி பஸ்ஸில் ஏறிப் போய், கழுத்தளவு கடலில் நின்றிருக்கிறான். கரைவலை இழுத்தவர்கள் இழுத்துக் கரையில் போட்டு, கேட்டுக் கேட்டு என் லாட்ஜ் பேரைக் கண்டுபிடித்து, மீன் ஏற்றும் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார்கள். எனக்கு மூன்று நாள் காய்ச்சல். நானும் முருகம்மாளும் வேலைக்குப் போகிற நேரம் மட்டும் பூட்டினேன். மாடு மாதிரி இல்லை. பயத்தில் பூட்டினேன்.

கடைசி ஐந்தாறு வருஷம் அவன் எப்படி இருந்தான் என்று எனக்கு ஒன்றும் தெரியாது. எழுது.

பொன்னுச்சாமி


உத்தரகோசமங்கை
4.1.2025

அண்ணே,

கடல் விஷயத்தை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னாலும் நான் கேட்டிருப்பேனா தெரியாது.

அவன் நன்றாக இருந்தான். முதலில் சிரிக்கிற கதையைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் டீக்கடையில் எவனோ விளையாட்டுக்கு, "ஏலே தர்மராஜு, ரேஷன் கடைக்காரர் செத்துட்டாருலே, அவரு மாமியார் வீட்டுக்குச் சொல்லிட்டு வா" என்று கிளப்பிவிட்டான். இவன் கமுதிக்கே போய்ச் சொல்லிவிட்டான். சாயங்காலம் ஒரு வேன் நிறைய ஆட்கள், மாரில் அடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். ரேஷன் கடைக்காரர் தராசு முன்னால் உட்கார்ந்து பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி முதலில் அழுதாள், பிறகு கிளப்பிவிட்டவனைத் தேடித் துடைப்பத்தோடு போனாள். இவனுக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. ரேஷன் கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இருக்கீக, நீங்க இருக்கீக" என்று பொழுது சாயும்வரை சொன்னான். அதிலிருந்து யார் என்ன சொன்னாலும், "அக்கா சொல்லணும்" என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவான்.

நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்கு முட்டை உரிக்க வருவான். ஒரு முட்டைகூட உடையாது. பிள்ளைகளின் சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தால் நிறுத்தி, சரியாகப் போட்டுவிடுவான். ஒரு மணி நேரம் ஆகும், பிள்ளைகள் பொறுமையாக நிற்கும்.

இனி எழுதப் போவதைத்தான் நாலு நாளாகத் தள்ளிப்போட்டேன். அவன் இருந்த கடைசி மழைக்காலத்துக்கு முன்னால் அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இருதயம் வீங்கியிருக்கிறது, நடக்கவே விடாதீர்கள் என்று ராமநாதபுரத்தில் சொல்லிவிட்டார்கள். ஆனால் எங்கேயாவது சாவுச் சங்குச் சத்தம் கேட்டால் துண்டைத் தேடுவான். ஒரு நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் உச்சி வெயிலில் கிளம்பி, கண்மாய்க்கரையில் விழுந்து கிடந்தான். அடுத்த நாளிலிருந்து நான் வேலைக்குப் போகும்போது வெளியே கொண்டியைப் போட்டேன். நானும்தான் அண்ணே. மூன்று மாசம். உங்கள் வீட்டில் ஜன்னலாவது இருந்தது, இங்கே அதுவும் இல்லை. திரும்பி வந்து திறந்தால் கதவுக்கு உள்ளே நின்றுகொண்டிருப்பான். "யாருக்கு அக்கா?" என்று கேட்பான். யாருக்கும் இல்லை என்பேன். ஒரு தடவையும் கோபப்படவில்லை. உங்களை வாசலில் வைத்து அப்படிச் சொன்ன வாயால், எனக்கு நானே என்ன சொல்லிக்கொள்வது? யாரிடமும் நான் இதைச் சொன்னதில்லை. உங்களைப் பேசியது தப்பு.

அன்றைக்குக் காலையில் ஏன் ஆள் அனுப்பவில்லை என்று கேட்டீர்கள். நாகேந்திரன்தான் முதலில் பார்த்தான், அவனே வெளியே போய்ச் சொன்னான். வீடு நிறைந்துவிட்டது. பந்தல்காரர் வந்தார், எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்டார்கள். ஒரு பெரியவர், "ராமேஸ்வரத்துக்கு யாரு போறா?" என்றார். நான் உள்பக்கம் திரும்பி, "தர்மராஜக் கூப்பிடுங்க, அவன் போயிட்டு வந்துருவான்" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். பாதியில் நின்றது. யாரும் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே நான் எடுக்கவில்லை. வேறு ஒருவரை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. காரணம் அவ்வளவுதான்.

25-ஆம் தேதிக்கு வாருங்கள்.

நாகஜோதி


ராமேஸ்வரம்
11.1.2025

நாகஜோதிக்கு,

உன் கடிதத்தை முருகம்மாளும் படித்தாள். இப்போது என்னோடு பேசுகிறாள், திட்டுவதற்காகத்தான்.

கொண்டி போட்டதற்காக உன்னை நீ வதைத்துக்கொள்ளாதே. நீ பார்த்துக்கொண்ட மாதிரி நான் பார்த்திருக்க மாட்டேன். நாலு மாசத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் நீ கூட்டிப்போனபோது நான் தடுக்கவில்லை.

என் மேல் கோபப்படாமல் படி. வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. லீவும் சொல்லிவிட்டேன். நேற்று பஸ் ஸ்டாண்டு வரை போய்ப் பார்த்தேன். ராமநாதபுரம் பஸ் நின்றது. கால் ஏறவில்லை. ஊர் என்ன சொல்லும் என்பதெல்லாம் இப்போது இல்லை, அந்த வீம்பு போய்விட்டது. என் வாசலுக்கு யாரும் வந்து சொல்லவில்லை, அதனால் எனக்கு அவன் இன்னும் சாகவில்லை. இது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். ஆனாலும் காலையில் முதல் பஸ் வருகிற நேரத்துக்குத் தெருமுனையைப் பார்க்கிறேன். ஊரில் யார் செத்தாலும் அவன்தானே வர வேண்டும். நான் அங்கே வந்து பிண்டம் வைத்துவிட்டால் அவன் வரமாட்டான் என்று ஆகிவிடும். நாகேந்திரனே செய்யட்டும்.

பொன்னுச்சாமி


உத்தரகோசமங்கை
17.1.2025

அண்ணே,

நாகேந்திரன் செய்யமாட்டான். நான் சொல்லிவிட்டேன்.

23-ஆம் தேதி வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். ஒன்பது, ஒன்பதரைக்கு உங்கள் வாசலுக்கு வந்துவிடுவேன். பொம்பளை கேதம் சொல்லப் போவதா என்று இங்கே இரண்டு பேர் கேட்டார்கள். பதினோரு மாசம் கழித்தா என்றும் கேட்டார்கள். நான் படிக்கு வெளியேதான் நிற்பேன். அண்ணியிடம் சொல்லிவிடுங்கள், தண்ணீர் கொண்டுவந்து நீட்ட வேண்டாம். நான் சொல்லி முடித்த பிறகு நீங்கள் என்னோடு கிளம்ப வேண்டும். அதற்குப் பிறகும் கால் ஏறவில்லை என்று சொன்னால் நான் கேட்கமாட்டேன். வேட்டி இரண்டு எடுத்து வையுங்கள், சனிக்கிழமை குளத்தில் முழுக வேண்டியிருக்கும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு வெளியே சொன்னது நாகேந்திரன். பள்ளிக்கூடத்துக்குச் சொன்னதும் அவன்தான். இறப்புச் சான்றிதழுக்கு நான் எழுதித்தான் கொடுத்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் தெரிந்துதான் வந்தார்கள், யாருக்கும் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உங்களுக்கும் இத்தனை கடிதத்தில் எழுதிவிட்டேன். ஆனால் தர்மராஜ் செத்துப்போய்விட்டான் என்று இந்த ஒரு வருஷத்தில் ஓர் ஆளிடமும் நான் வாயால் சொன்னதில்லை. நேற்று அடுப்படியில் தனியாக நின்று சொல்லிப் பார்த்தேன். பேர் வரைக்கும்தான் வந்தது.

முதலில் உங்களிடம்தான் சொல்லப் போகிறேன். சொல்ல வராமல் நின்றால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அண்ணே. எனக்குப் பழக்கமில்லை.

நாகஜோதி